விரிசலின் இடைவெளியை யார் அளந்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பூமிக்கடியில் கிடக்கும் சூட்டை எடுத்து மின்சாரம் ஆக்குவது பற்றி அரைப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. இந்த மாதிரி விஷயத்தைத் தமிழில் எழுதுகிறவர்கள் குறைவு, எழுதியவருக்கு நன்றி. அதனோடு அச்சிட்டிருந்த வண்ணப்படத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். செக்கச்செவேலென்று ஒரு பாறை, அதன் குறுக்கே விரல் கனத்துக்கு ஒரு நீலப்பட்டை, கீழே ‘கம்ப்யூட்டர் சிமுலேஷன்’ என்று ஒரே ஒரு வரி. ஒரு பக்கம் தண்ணீரை விட்டால் மறுபக்கம் ஆவியாக ஏறி வரும், பாறை இருக்கிற வரைக்கும் சூடும் இருக்கும் என்று கட்டுரை முடிந்திருந்தது. அந்த நீலப்பட்டை ஒரு விரிசல். அதன் நிஜமான இடைவெளி எவ்வளவு, அதை யார் அளந்தார்கள் என்று எங்கேயும் காணோம். எனக்குத் தெரிந்து அந்தப் படத்தில் முக்கியமான சங்கதியே அதுதான்.

நான் நாங்குநேரிப் பக்கம். தாத்தா கிணறு வெட்டினவர், அப்பாவும் அதே தொழில். தாத்தா காலத்தில் கடப்பாரையும் பாறையில் துளை போடும் தமரும். அப்பா காலத்தில் கம்ப்ரசரும் கிரேனும் வந்துவிட்டன. நான் எம்.இ. படித்துவிட்டு, பாளையங்கோட்டைக்கு தினமும் பஸ்ஸில் போய் ஒரு கல்லூரியின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். படிப்பின் கடைசி வருஷம் நான் எடுத்த ப்ராஜெக்ட், நுண்துளைகள் நிறைந்த பாறைக்குள் மெல்லிய விரிசல் வழியாகத் தண்ணீர் ஓடும்போது சூடு எப்படி இடம் மாறுகிறது என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது. வீட்டில் சொன்னபோது அப்பா, “அதுக்கு எதுக்குட்டி கம்ப்யூட்டரு? நம்ம கெணத்துல எறங்கிப் பாரு” என்றார். அன்றைக்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

முதலில் துளை வேறு, விரிசல் வேறு. காருகுறிச்சிப் பானை வாங்கிய வீட்டில் இதை விளக்க வேண்டியதே இல்லை. நல்ல பானை வியர்க்கும். கீறல் விழுந்த பானை ஒழுகும். வியர்ப்பது மண்ணில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக, மெதுவாக, பானை முழுக்க. ஒழுகுவது ஒரே ஒரு கோட்டு வழியாக. பாறையும் அப்படியே. துளை வழியாகக் கசியும் தண்ணீருக்கு 1856-இல் பிரான்சின் திஜோன் நகரில் ஹென்றி டார்சி மணல் நிரப்பிய குழாயில் சோதித்துக் கண்ட விதி இன்றைக்கும் போதும். விரிசலுக்கு வேறு கணக்கு. இரண்டு பலகைக்கு நடுவே ஓடும் தண்ணீராக அதை எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கணக்கில் இடைவெளி இரண்டு மடங்கானால் தண்ணீர் எட்டு மடங்கு ஓடும். 0.1 மில்லிமீட்டர் 0.5 ஆனால் 125 மடங்கு. இந்தப் பெருக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அப்புறம் படத்துக்கு வருவோம். நூறு மீட்டர் நீள அகல உயரமுள்ள பாறைக்கட்டியில் 0.2 மில்லிமீட்டர் விரிசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் எதையும் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டித்தான் கணக்குப் போடும். விரிசலின் இடைவெளிக்கு ஒரு கட்டமாவது வேண்டுமென்று பாறை முழுவதையும் அதே அளவில் வெட்டினால் 1,250 கோடி கோடி கட்டங்கள் வரும். சரி, விரிசலுக்குள் மட்டும் பொடிசாக வெட்டலாம் என்றால் அதற்கே 25,000 கோடி. என் லேப்டாப்பை விடுங்கள், பெரிய பெரிய கம்ப்யூட்டர்களே திணறும். அதனால் விரிசலைக் கனமே இல்லாத ஒரு தாளாகப் பாறைக்குள் செருகிவிடுவார்கள். இடைவெளி படத்தில் இருக்காது, சமன்பாட்டுக்குள் ஓர் எண்ணாக மட்டும் இருக்கும். மாவட்ட வரைபடத்தில் தாமிரபரணி ஒரு கோடு. ஆற்றின் அகலம் வேண்டுமென்றால் நீர்வளத்துறைப் பதிவேட்டில் பார்க்க வேண்டும், வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது. அதே ஏற்பாடுதான் இது. தாளின் இரண்டு பக்கமும் பாறை சூட்டைத் தருகிறது, தாளுக்குள் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. கெட்டிக்கார வேலை, எனக்கு அதில் குறையே கிடையாது. ஆனால் அந்த ஓர் எண்ணை யாரோ ஒருவர் தட்டச்சு செய்கிறார். உங்கள் படத்தில் அதை யார் தட்டினார்கள் என்பதே என் கேள்வி.

ஏனென்றால் என் ப்ராஜெக்டில் அதைத் தட்டியது நான். 0.3 மில்லிமீட்டர். எங்கிருந்து எடுத்தேன் என்றால், சீனியர் ஒருவர் அப்படித்தான் போட்டிருந்தார். விரிசல் முழுக்க ஒரே இடைவெளி. படம் அழகாக வந்தது, கொடுத்த சூடு இருபது வருஷம் தாங்கியது. ரெவ்யூவில் ஒருவர், சிவப்பும் நீலமும் இன்னும் கொஞ்சம் எடுப்பாக இருக்கலாமே என்றதைத் தவிர வேறு கேள்வி இல்லை.

அந்த வருஷம் மாசி முடிவில் கிணற்றில் தண்ணீர் இறங்கிப் படி முழுக்கத் தெரிந்ததும் அப்பாவோடு இறங்கினேன். அறுபது அடிக் கிணறு. கிழக்குச் சுவரில் சாய்வாக ஒரு விரிசல், பதினொரு அடி நீளம் இருக்கும். முக்கில் இருக்கும் டூவீலர் மெக்கானிக் அண்ணாச்சியிடம் ஃபீலர் கேஜ் கேட்டு வாங்கிப் போயிருந்தேன். டேப்பெட், அதாவது என்ஜின் வால்வின் இடைவெளி, வைக்க உதவுமே, பிளேடு பிளேடாக விரியும், ஒவ்வொன்றிலும் கனம் மில்லிமீட்டரில் குறித்திருக்கும், அதுதான். “சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்திரணும்” என்று ரெண்டு தடவை சொல்லித்தான் கொடுத்தார். விரிசல் நெடுக ஒரு சாணுக்கு ஓர் இடமாகப் பிளேடை நுழைத்துப் பார்த்தேன். மொத்தம் பதினைந்து இடம். ஆறு இடத்தில் 0.05 பிளேடுகூடப் போகவில்லை. வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடந்தது. ஆறு இடத்தில் 0.1, 0.2. ரெண்டு இடத்தில் 0.4. ஒரே ஓர் இடத்தில் 0.7 சிரமமில்லாமல் உள்ளே போனது, பிளேடோடு தண்ணீரும் என் முழங்கை வழியே ஓடியது. அப்பா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “அதான் கண்ணு. மத்ததெல்லாம் சும்மா கோடு” என்றார்.

நாம் ஊற்றுக்கண் என்கிறோம். இத்தனை வருஷம் அந்தச் சொல்லை யோசித்ததே இல்லை. விரிசல் பதினொரு அடி, கண் ஒன்று.

சராசரி எடுத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாமல் இந்த இடத்தைத் தாண்டக் கூடாது. பாதி 0.1, பாதி 0.5 உள்ள ஒரு விரிசலை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி 0.3. முழுக்க 0.1 ஆக இருக்கும் விரிசலில் ஒரு குடம் தண்ணீர் போகிறது என்றால், முழுக்க 0.3 இருப்பதில் 27 குடம் போகும். ஆனால் அந்த 0.1-ம் 0.5-ம் அடுத்தடுத்து, தண்ணீர் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்ட வேண்டியதாக இருந்தால், போவது ஏறத்தாழ 2 குடம். பக்கம் பக்கமாக இருந்து தண்ணீர் தனக்குப் பிடித்த வழியில் போகலாம் என்றால் 63 குடம். ஒரே சராசரி, 2, 27, 63 என்று மூன்று விடை. அந்த 63-இல் அறுபத்திரண்டரைக் குடம் அகன்ற பாதி வழியாகவே போகும். நான் நடுவிலுள்ள எண்ணைப் போட்டுவிட்டு, படம் அழகாக இருக்கிறது என்று மகிழ்ந்திருக்கிறேன்.

இதைப் படிக்கும் பொறியாளர் யாராவது ஒரு கேள்வி கேட்பார், கேட்க வேண்டும். கிணற்றுச் சுவரில் அளந்தது உள்ளே அப்படியே இருக்குமா? இருக்காது. வெடி வைத்த அதிர்ச்சியில் வாய் விரிந்திருக்கும், உள்ளே போகப் போகப் பாறையின் பாரம் அதை நெரிக்கும். அதனால் கேஜோடு நிறுத்தாமல், கண்ணிலிருந்து எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதையும் பிடித்து அளந்தேன். கண்ணுக்குக் கீழே தகரத்தை மடித்துச் செருகி, பத்து லிட்டர் வாளியில் விட்டால், அது நிரம்ப நாலு நிமிஷம் ஆனது. தண்ணீர் எந்தச் சரிவில் வருகிறது என்று ஓர் ஊகம் வைத்துப் பின்னாலிருந்து கணக்குப் போட்டால் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட வந்தது. கேஜ் சொன்னது 0.7. நிஜம் இரண்டுக்கும் பக்கத்தில் எங்கோ இருக்கும். 0.3 என்று சீனியரின் ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதியதற்கு இது எவ்வளவோ தேவலை.

அப்பாவுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. வெட்டிக்கொண்டிருக்கும்போதே புறங்கையைப் பாறையில் வைத்துப் பார்ப்பார். எந்தப் பக்கம் கண் திறக்கும் என்று கைக்குத் தெரியும் என்பார். சூட்டை வைத்துத் தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடிப்பது உலகம் முழுக்க ஆராய்ச்சிக்காரர்கள் செய்கிற வேலைதான். ஆழ்துளைக் கிணற்றுக்குள் தெர்மாமீட்டரை இறக்கி, எந்த ஆழத்தில் வெப்பநிலை துள்ளுகிறதோ அங்கே விரிசல் என்று குறிப்பார்கள். நானும் சித்திரையில் ஒரு நல்ல கோடை மழைக்குப் பிறகு தினமும் காலையில் பஸ் ஏறுமுன் தெர்மாமீட்டரோடு இறங்கினேன். தென்மேற்கு மூலையில் இன்னொரு சின்னக் கண் உண்டு. அதில் 29.8 டிகிரி, அசையவே இல்லை. கிழக்குக் கண்ணில் மறுநாளே தண்ணீர் கலங்கியது, ஆனால் வெப்பநிலை இறங்கவில்லை. மூன்றாம் நாள்தான் 29.5-லிருந்து 28.2-க்கு வந்தது. தண்ணீர் முதலில் வந்துவிட்டது, குளிர்ச்சி பின்தங்கிவிட்டது. வருகிற வழியெல்லாம் கல் அந்தக் குளிர்ச்சியை வாங்கிக்கொண்டு தன் சூட்டைக் கொடுத்திருக்கிறது. புத்தகத்தில் நாலு பக்கச் சமன்பாடாகப் படித்ததை அன்றைக்குத்தான் கையால் தொட்டேன். பஸ்ஸையும் அன்றைக்கு விட்டுவிட்டேன்.

சூடு தீராது என்ற வரிக்கு இப்போது வருகிறேன். கருங்கல்லில் சூடு நகரும் வேகம் நத்தை வேகம். ஒரு நாளில் ஏறத்தாழ ஓர் அடி, ஒரு வருஷத்தில் இருபது அடி, நாலு வருஷம் ஆனால் எண்பது அல்ல, நாற்பது அடிதான்; தூரம் இரண்டு மடங்காக வேண்டுமானால் காலம் நாலு மடங்காக வேண்டும். தண்ணீரோ, ஒரே கன அளவுக்குக் கருங்கல்லைப்போல் ஏறத்தாழ இரண்டு பங்கு சூட்டை எடுத்துக்கொண்டு ஓடிவிடும். ஆகவே விரிசலை ஒட்டிய கல் சீக்கிரம் குளிர்ந்துவிடும், தள்ளியிருக்கும் கல்லின் சூடு வந்துசேர வருஷங்கள் ஆகும். அதோடு, ஒரே அளவு தண்ணீர் ஓடும்போது கல்லைத் தொடும் பரப்பு பாதியானால், சூடு தாங்கும் காலம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும். விரிசல் முழுக்கத் தண்ணீர் பரவும் என்று நான் முதலில் போட்ட கணக்கில் இருபது வருஷம் தாங்கியது, பாதி அகலத்தில் மட்டும் ஓடுகிறது என்று மாற்றியதும் ஐந்து வருஷத்தில் சரிந்தது. பாறை அதே பாறைதான்.

இது என் லேப்டாப்பில் மட்டும் நடந்த கதை என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தின் கார்ன்வாலில் ரோஸ்மனோவஸ் என்ற இடத்தில் 1980-களில் கருங்கல்லுக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் தண்ணீரைச் சுற்றவிட்டுப் பார்த்தார்கள். சுமார் 80 டிகிரியில் வந்துகொண்டிருந்த தண்ணீர் சில வருஷங்களிலேயே சுமார் 70-க்கு இறங்கியது. தண்ணீர் பாறை முழுக்கப் பரவாமல் ஒரு குறுக்குவழியைப் பிடித்துக்கொண்டதுதான் காரணம். குறுக்குவழியில் ஒரு கெட்ட குணமும் உண்டு: குளிர்ந்த கல் சுருங்கும், சுருங்கினால் விரிசல் இன்னும் வாய் திறக்கும், திறந்தால் தண்ணீர் இன்னும் அங்கேயே ஓடும். எட்டு மடங்குக் கணக்கை மறக்க வேண்டாம் என்றேனே, இங்கேதான்.

விரிசல் என்றால் எப்போதும் சூட்டைக் கடத்தும் என்பதும் சரியில்லை. வைகாசியில் எங்கள் கிழக்குக் கண் காய்ந்துவிடும். அப்போது அதற்குள் வெறும் காற்று. கருங்கல்லைவிடக் காற்று ஏறத்தாழ நூறு பங்கு மந்தமாகச் சூட்டைக் கடத்துவதால் 0.2 மில்லிமீட்டர் காற்று, 2 சென்டிமீட்டர் கல்லுக்குச் சமமான தடுப்பு. அதே இடத்தில் தேங்கிய தண்ணீர் இருந்தால் ஒரு மில்லிமீட்டர் கல்லுக்குக்கூடச் சமமில்லை, இருப்பதே தெரியாது. விரிசல் மழைக்காலத்தில் சூட்டைச் சுமக்கும் வண்டிக்காரன், கோடையில் சூட்டைத் தடுக்கும் கம்பளி. இரண்டுக்கும் மென்பொருளில் வேறு வேறு ஏற்பாடு இருக்கிறது, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைத் தேர்ந்தெடுத்தாலும் அது வாய் திறந்து சொல்லாது. படம் அழகாகவே வரும்.

ஆயன்குளம் கிணற்றைப் பற்றிக் கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. திசையன்விளைப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கிணறு 2021 மழையில் நாள்கணக்கில் வெள்ளத்தைக் குடித்தும் நிரம்பவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து வந்து ஆராய்ந்தார்கள். அங்கே அடியில் சுண்ணாம்புப் பாறை, தண்ணீர் அதைக் கரைத்துக் கரைத்து விரிசலைக் குகையாக்கிவிடும். எங்கள் பக்கத்துக் கருங்கல் கரைகிற ஜாதி இல்லை. “நம்ம கெணறு ஏன் அப்படிக் குடிக்கல?” என்று 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஊரில் கேட்காத ஆள் இல்லை, எங்களுடையது ஒரே ராத்திரியில் வாய் வரை நிரம்பிவிட்டது. அதனால்தான் மாசி முடிகிற வரைக்கும் நான் இறங்க முடியாமல் கிடந்தேன்.

இதெல்லாம் கிணற்றோடு போகிற சங்கதியும் இல்லை. அணு உலையில் எரிந்த எரிபொருளைப் பின்லாந்தில் ஒன்கலோ என்ற இடத்தில், நானூறு மீட்டருக்கும் கீழே, கெட்டிப் பாறைக்குள் புதைக்கச் சுரங்கம் வெட்டியிருக்கிறார்கள். புதைத்த பிறகும் அது சூடு கக்கிக்கொண்டிருக்கும். சுற்றி வைக்கும் களிமண் 100 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் வைத்திருக்கும் எல்லை. விரிசல் வழித் தண்ணீரை அவர்கள் கணக்குப் போடுவதிலும் நான் மேலே சொன்ன அதே தாள் வித்தை உண்டு. ஆனால் பாறைக்குள்ளேயே போய் உட்கார்ந்து வருஷக்கணக்கில் விரிசல்களை அளந்துவிட்டுப் போடுகிறார்கள். கூடங்குளத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் நாம் இந்தப் படங்களைப் படிக்கப் பழகிக்கொள்வது நல்லது. நாளைக்கு யாராவது ஒரு வண்ணப்படத்தை மேடையில் காட்டி எல்லாம் சரியாக இருக்கிறது என்றாலும், எல்லாம் போச்சு என்றாலும், இடைவெளி எவ்வளவு என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே என் கோரிக்கை சின்னது. இனி இப்படிப் படம் போடும்போது அடியில் ஒரு வரி சேருங்கள்: விரிசலின் இடைவெளியாக எடுத்துக்கொண்டது இத்தனை மில்லிமீட்டர், அது அளந்ததா, ஊகித்ததா. வண்ணப்படம் தந்தவர்களிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். சொல்லவில்லை என்றால் அதையும் போடுங்கள். கட்டுரையின் கடைசி வரிக்கு ஒரு திருத்தம் போட்டாலும் சந்தோஷம்.

கட்டுரை எழுதிய நிருபருக்கு நேரமிருந்தால் எங்கள் கிணற்றுக்கு வரலாம். வைகாசிக்கு முன்னால் வரச் சொல்லுங்கள், பிறகு கண் காய்ந்துவிடும். படி வடக்குப் பக்கம், கடைசி நாலு படி பாசி பிடித்தது, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்க வேண்டும். காலை ஏழு மணிக்குள் வந்தால் தேவலை. அதற்குப் பிறகு வாழைக்கு மோட்டார் போட்டுவிடுவார்கள். ஃபீலர் கேஜை மட்டும் அவரே கொண்டுவர வேண்டும். நான் வாங்கியதில் ஒரு பிளேடு விரிசலுக்குள்ளேயே ஒடிந்துவிட்டது, அண்ணாச்சி இனிமேல் தர மாட்டார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
நாங்குநேரி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.